பால் ஏன் 'போகுது', கனவு ஏன் 'வருது'? ஆங்கில வினைகளும் அவற்றோடு சேரும் சொற்களும்

#1 வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு பையனின் கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். தாத்தா ஊருக்குப் போய்வந்த கதை, நன்றாகவே எழுதியிருந்தான். ஆனால் நாலு இடத்தில் ஒரே வினை: 'தி மில்க் பிகேம் பேட்', 'மை கிராண்ட்ஃபாதர் பிகேம் பிளைண்ட்', 'ஐ பிகேம் ஸ்லீப்', 'மை டிரீம் பிகேம் ட்ரூ'.

சிவப்பு மையில் 'வென்ட் பேட்', 'வென்ட் பிளைண்ட்', 'ஃபெல் அஸ்லீப்', 'கேம் ட்ரூ' என்று மாற்றினேன். பையன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேசை ஓரத்திலேயே நின்றான். "மிஸ், நாலுமே 'ஆச்சு' தானே? அப்புறம் ஏன் பால் போகுது, நான் விழுறேன், கனவு மட்டும் வருது?"

"அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கு என் வாத்தியார் சொன்ன பதில் அதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவனிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை. "திங்கட்கிழமை சொல்றேன்டா" என்று வந்துவிட்டேன். இன்று சனி. இதற்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா, இல்லை உண்மையிலேயே அது அப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பொருநை

அருமையான கேள்வி டீச்சர், அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒன்று. 'பிகேம் பிளைண்ட்' தப்பில்லை. இலக்கணப்படி சரி, புத்தக ஆங்கிலத்தில் தாராளமாக வரும். பேச்சில் 'வென்ட் பிளைண்ட்' இயல்பு, அவ்வளவுதான். 'பிகேம் ட்ரூ'தான் உதைக்கிறது. 'பிகேம் ஸ்லீப்' சுத்தமாக நிற்காது, அங்கே வரவேண்டியது 'அஸ்லீப்'.

இனி விஷயத்துக்கு வருவோம். 'கோ'வோடு சேரும் பெயரடைகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பேட், சவர், ஸ்டேல், மேட், டெஃப், பிளைண்ட், பேங்க்ரப்ட், மிஸ்ஸிங், ராங். கெட்டது, புளித்தது, காய்ந்தது, பைத்தியம், செவிடு, குருடு, திவால், காணாமல் போனது, தவறிப்போனது. 'கம்'மோடு சேர்வது: ட்ரூ, அலைவ், கிளீன், ரைட். நனவாவது, உயிர்பெறுவது, உண்மையை ஒப்புக்கொள்வது, சரியாவது. 1974-இல் ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதன் சாரம்: இயல்பு நிலை என்று ஒன்றை நாம் நமக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். அதைவிட்டு விலகினால் 'போகிறது'. அதற்குத் திரும்பினால், அல்லது நாம் விரும்பும் இடத்துக்கு வந்து சேர்ந்தால், 'வருகிறது'.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏனென்றால் இதை நாம் தினமும் சமையலறையில் பேசுகிறோம். பால் திரிஞ்சுபோச்சு. குழம்பு ஊசிப்போச்சு. அப்பளம் நமத்துப்போச்சு. மாவு புளிச்சுப்போச்சு. சாவி தொலைஞ்சுபோச்சு. ஆள் பயந்துபோனான். எல்லாவற்றிலும் 'போ'. அந்தப் பக்கம்: உடம்பு தேறி வருது, பையன் வழிக்கு வந்தான், காரியம் கைகூடி வந்தது. ஆங்கிலமும் தமிழும் உறவே இல்லாத இரண்டு மொழிகள். போவதையும் வருவதையும் வைத்து நல்லது கெட்டதைச் சொல்லும் பழக்கம் இரண்டிலும் இருக்கிறது.

பையனிடம் ஆங்கிலத்தில் தொடங்காதீர்கள். "பால் என்ன ஆச்சுடா?" என்று தமிழில் கேளுங்கள். "கெட்டுப்போச்சு மிஸ்" என்பான். அந்தப் 'போச்சு'தான் 'வென்ட்'.

#3 மணல்திட்டு

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'கோ வைரல்', 'கோ கிரீன்' (சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி மாறுவது), 'கோ பப்ளிக்', 'கோ ஃப்ரீ' (விடுதலையாவது)? இதெல்லாம் கெட்டதா? தமிழிலும் "அந்த ஊர் எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்கிறோமே.

அதே மாதிரி கெட்டதெல்லாம் 'கோ'வோடு சேர்வதும் இல்லை. 'கோ இல்', 'கோ டயர்ட்', 'கோ ஓல்ட்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விதியை அழகுக்காக இறுக்கிக் கட்டினால் பிள்ளைகள் அதை நம்பித் தப்பு எழுதுவார்கள்.

#4 பொருநை

மணல்திட்டு சொல்வது நியாயம். 'கெட்டது' என்று நான் குறுக்கிவிட்டேன், 'வழக்கத்தைவிட்டு விலகுவது' என்று சொல்லியிருக்க வேண்டும். சும்மா கிடந்த ஒரு காணொளி வைரல் ஆவதும், ஒரு குடும்பத்துக்குள் இருந்த கம்பெனி பங்குச்சந்தைக்குப் போவதும் விலகல்தான், கெடுதல் இல்லை. நம் 'பிடிச்சுப்போச்சு', 'அசந்துபோனேன்', 'பூரிச்சுப்போனா' இவற்றிலும் கெடுதல் இல்லை, நம் கட்டுப்பாட்டை மீறி நடந்தது என்ற சாயல் இருக்கிறது.

'இல்', 'டயர்ட்', 'ஓல்ட்' பற்றி: வயதாவதும் களைப்பதும் எல்லாருக்கும் வழக்கமாக நடப்பவை, அதனால் 'கெட்', 'குரோ' போதும் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். ஆனால் 'இல்' ஏன் 'கோ'வை விட்டுவிட்டு 'ஃபால்', 'கெட்' இவற்றோடு நிற்கிறது என்பதற்கு இந்த விளக்கம் போதாது. அங்கே பழக்கம்தான் பேசுகிறது.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 'டர்ன்' நிறத்துக்கும் வயதுக்கும்: டர்ன் ரெட், டர்ன் ஃபார்ட்டி. 'குரோ' மெள்ள மெள்ள நடப்பதற்கு. 'ரன்' கையிருப்பு குறைவதற்கு: கிணறு 'ரன் டிரை', பணம் 'ரன் ஷார்ட்'. 'ஃபால்' நம் கையில் இல்லாமல் ஒரு நிலைக்குள் விழுவதற்கு: அஸ்லீப், இல், சைலன்ட். 'தூக்கத்தில் ஆழ்ந்தான்', 'நோயில் விழுந்தான்' என்று நாமும் எழுதுகிறோமே.

இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது: 'கோ அன்நோட்டீஸ்ட்', 'கோ அன்பனிஷ்ட்'. யாரும் கவனிக்காமலே போச்சு, தண்டனை கிடைக்காமலே போச்சு. நடக்கவேண்டியது நடக்காததற்கு அங்கேயும் 'கோ', இங்கேயும் 'போ'. மொழிபெயர்ப்பில் இதைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

#5 நாஞ்சில்செவிலி

நான் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன்.

பணி மாற்றும் நேரம். இரவு நர்ஸ் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது "ஷி ஃபெல் பிரெக்னன்ட் இன் மார்ச்" என்றார். 'ஃபெல்' மட்டும்தான் என் காதில் சரியாக விழுந்தது. விழுந்த நோயாளி என்று நினைத்துக்கொண்டு, அடி எங்கே பட்டது, ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். கர்ப்பம் தரித்ததைத்தான் பிரிட்டனில் அப்படியும் சொல்கிறார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் 'கெட் பிரெக்னன்ட்'தான் வழக்கம். நான் ஊரில் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

பொருநை அண்ணன் சொன்ன போதலும் வருதலும் வார்டில் உயிர்போகிற விஷயம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய் "ஹி ஹேஸ் கான் புளூ", "ஹி ஹேஸ் கான் ஃப்ளாப்பி" என்பாள். நீலம் பாரித்துவிட்டது, துவண்டுபோய்விட்டான். அந்தக் 'கான்' காதில் விழுந்ததுமே கால் ஓடத் தொடங்கிவிடும். அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தால் "ஷி ஹேஸ் கம் ரவுண்ட்". நாமும் நினைவு 'வந்துருச்சு' என்றுதானே சொல்கிறோம்.

ஆனால் எல்லாம் இப்படிப் பொருந்தாது. இங்கே சளியை மனுஷன் பிடிக்கிறான், 'கேட்ச் எ கோல்ட்'. நம் ஊரில் சளி மனுஷனைப் பிடிக்கிறது. காய்ச்சல் நமக்கு 'அடிக்கும்', இங்கே சும்மா 'ஹேவ்' பண்ணிக்கொள்வார்கள். 'ஐ வாஸ் சிக்' என்று ஒரு பிரிட்டிஷ் நோயாளி சொன்னால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்று பொருள், உடம்பு சரியில்லை என்றல்ல. என் குறிப்பேட்டில் முதல் ஆறு மாதம் நான் எழுதியது எல்லாம் இவைதான். மருந்துப் பெயர்கள் எனக்குத் தெரிந்திருந்தன. இந்தச் சின்னச் சின்ன வினைகள்தான் தெரியவில்லை.

#6 பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். பெயர்ச்சொல்லோட சேருற வினையளப் பற்றி ஆரும் கதைக்கேல்ல, நான் தொடங்குறன்.

தமிழ்நாட்டு நண்பர்கள் கனபேர் 'ஐ ரோட் தி எக்ஸாம்' எண்டு சொல்லுறதக் கேட்டிருக்கிறன். எனக்கு முதல் விளங்கேல்ல, வினாத்தாளைத் தயாரிச்சவராக்கும் எண்டு நினைச்சன். பிறகுதான் பிடிபட்டது, உங்களுக்குத் 'தேர்வு எழுது'. எங்களுக்குச் 'சோதினை எடுக்கிறது', பேப்பரில 'பரீட்சைக்குத் தோற்றினர்' எண்டு வரும். அதால எங்கட பிள்ளையளுக்கு 'டேக்', 'சிட்' ரெண்டும் கஷ்டமில்லாமல் வரும். ஒரே தமிழ், ஆனா வினை மாறினதால ஆங்கிலமும் மாறுது.

#7 யமுனைத்தமிழன்

டெல்லியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் 'ஐ கேவ் தி எக்ஸாம்' என்பார்கள். இந்தியில் தேர்வைக் 'கொடுப்பார்கள்'. ஒருவர் பேசும் ஆங்கிலத்தில் எக்ஸாமுக்கு முன்னால் என்ன வினை வருகிறது என்று பார்த்தாலே அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆனால் ஒரு விஷயம். 'ரைட் அன் எக்ஸாம்' என்பதைத் தப்பு என்று அடிக்கிறார்கள். கனடாவில் அதுதான் சாதாரண வழக்கு, அங்கே பல்கலைக்கழக அறிவிப்புகளிலேயே அப்படி இருக்கும். ஒரு நாட்டில் சரியாக இருப்பது நம் வாயில் வந்தால் மட்டும் ஏன் தப்பு?

#8 மணல்திட்டு

யமுனைத்தமிழனோடு முழுக்க உடன்படுகிறேன். தாழ்வு மனப்பான்மையை ஊட்டும் திருத்தம் வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் வட்டார வழக்கு என்று விட்டுவிடவும் முடியாது. 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்பதை நம்மாட்கள் மின்னஞ்சலில் எழுதும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு அது இடறுகிறது.

நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். காரணம் தெளிவு: நமக்குச் 'செய்', 'பண்ணு' ஒன்றே. தப்பு பண்ணிட்டேன், ஃபோன் பண்ணினேன், உதவி பண்ணு, தொழில் பண்ணு. ஆங்கிலம் இந்த ஒரே குடத்துத் தண்ணீரை இரண்டாகப் பிரித்து ஊற்றுகிறது. முடிவில் ஒன்று உருவாகி நின்றால் 'மேக்', செயல் மட்டும் என்றால் 'டூ' என்று சொல்லித்தருவார்கள். மேக் எ மிஸ்டேக், மேக் எ கால், மேக் மணி. டூ ஹோம்வொர்க், டூ பிசினஸ், டூ எ ஃபேவர். பாதி தூரம் இது கைகொடுக்கும். ஆனால் 'டூ டேமேஜ்' என்கிறார்கள், சேதம் உருவாகி நிற்கிறதே? படுக்கையை உதறி விரிப்பதற்கு 'மேக் தி பெட்' என்கிறார்கள், அங்கே என்ன உருவானது? அந்த இடத்தில் சொல்லையும் வினையையும் ஒன்றாகத்தான் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

'டேக் எ டிசிஷன்' என்பதையும் சிலர் தப்பு என்று அடிக்கிறார்கள். அமெரிக்காவில் 'மேக்'. பிரிட்டனில் இரண்டும் உண்டு.

#9 பனங்கூடல்

'பே அட்டென்ஷன்' எண்டதையும் சேருங்கோ. ஆங்கிலத்தில கவனத்தைக் காசு மாதிரிக் கட்டுறாங்கள். ஸ்பானிய மொழியில கடன் குடுக்கிறாங்கள், பிரெஞ்சில செய்யிறாங்கள். நாங்கள் 'செலுத்துறம்'. வரியும் செலுத்துறம், கவனமும் செலுத்துறம். இது ஆங்கிலத்தைப் பார்த்து வந்ததோ?

#10 பொருநை

செலுத்து என்றால் அடிப்படையில் ஓட்டுவது, ஒரு திசையில் போகவிடுவது. தேர் செலுத்தினான், அம்பு செலுத்தினான், கலம் செலுத்தினான். கவனத்தை ஒரு பக்கம் திருப்பி ஓட்டுகிறோம் என்று எடுத்தால் காசுக்கு வேலையே இல்லை. எனக்கு அந்த வழிதான் சரியாகப் படுகிறது.

#11 ஒற்றுப்பிழை

நான் பிழைதிருத்துநர், ஆங்கிலமும் தமிழும் பார்ப்பேன். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் நான் அதிகம் திருத்துவது நீங்கள் யாரும் தொடாத ஓர் இடம்: 'ஆக'.

பூ அழகாக இருக்கிறது. அவள் அழகாகப் பாடினாள். இரண்டிலும் ஒரே 'அழகாக'. ஆங்கிலத்தில் முதலாவது 'பியூட்டிஃபுல்', இரண்டாவது 'பியூட்டிஃபுல்லி'. நாம் 'ஆக' என்றதும் கை தானாக 'லி' போட்டுவிடும். அதனால்தான் 'தி ஃபுட் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்லி', 'தி ரோஸ் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி' என்றெல்லாம் வருகிறது. டேஸ்ட், ஸ்மெல், லுக், சவுண்ட், ஃபீல் இந்த ஐந்தும் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்லும்போது 'இரு' மாதிரியே நடந்துகொள்ளும். அப்போது பக்கத்தில் பெயரடைதான் உட்காரும்.

போன மாதம் ஒரு சிறுகதை மொழிபெயர்ப்பு வந்தது. மூலத்தில் 'அப்பா கோபமாகப் பார்த்தார்' என்று இருந்தது. மொழிபெயர்ப்பில் 'ஃபாதர் லுக்ட் ஆங்கிரி'. ஒரு 'லி' இல்லை, காட்சியே மாறிவிட்டது. 'லுக்ட் ஆங்கிரி' என்றால் அப்பாவின் முகத்தில் கோபம் தெரிந்தது, பார்ப்பவன் மகன். 'லுக்ட் ஆங்கிரிலி' என்றால் அப்பா மகனைப் பார்த்தார், பார்ப்பவர் அப்பா. அந்தக் கதையில் மகன் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கதையே அதில்தான் இருக்கிறது. தமிழ் இதற்கு வினையை மாற்றுகிறது: கோபமாகத் 'தெரிந்தார்', கோபமாகப் 'பார்த்தார்'. ஆங்கிலம் வினையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்துச் சொல்லை மாற்றுகிறது.

வினைக்குப் பின்னால் பெயரடை வந்து விளைவைச் சொல்வது இன்னொரு வகை. 'ஷாட் டெட்', 'புஷ்ட் தி டோர் ஓப்பன்', 'வைப்ட் கிளீன்'. நாம் இதற்கு எச்சத்தை வைத்திருக்கிறோம்: சுட்டுக் கொன்றான், தள்ளித் திறந்தான், துடைத்துச் சுத்தமாக்கினான். ஆங்கிலத்தில் செயல் வினையாகவும் விளைவு பெயரடையாகவும் நிற்கிறது. தமிழில் செயல் எச்சமாகி முன்னால் போய்விடும், விளைவுதான் முற்றுவினை. தலைகீழ். இதைப் புரிந்துகொண்டால் 'கதவைத் திறந்த நிலைக்குத் தள்ளினான்' மாதிரியான வாக்கியங்கள் மொழிபெயர்ப்பில் வராது.

#12 யமுனைத்தமிழன்

இந்தச் சேர்க்கைகளைத் தனியாகப் படிக்கவேண்டும் என்ற எண்ணமே ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போனவர்களிடம் வளர்ந்தது என்பது சுவாரசியம். ஹெரால்ட் பாமர் டோக்கியோவில் ஜப்பானியருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தபோது 1933-இல் இத்தகைய சொற்சேர்க்கைகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை பார்த்த ஹார்ன்பி, கற்பவர்களுக்கென்றே ஓர் அகராதி செய்தார். அது 1942-இல் ஜப்பானில் வந்தது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. 'ஒரு சொல்லை அது கூடித்திரியும் சொற்களை வைத்து அறி' என்ற கருத்துக்குப் பேர்போன பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த், லாகூரில் பேராசிரியராக இருந்தவர். தாய்மொழியாகப் பேசுபவருக்கு இது கண்ணில் படாது. இடறி விழுபவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பிறகு கணினி வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், சேகரித்த உண்மையான வாக்கியங்களை மட்டும் வைத்து 1987-இல் கோபில்ட் அகராதி வந்தது. இன்று 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் (எழுத்திலும் பேச்சிலும் வந்த ஆங்கிலத்தின் பெரிய தொகுப்பு) யாரும் இணையத்தில் தேடலாம். 'மேக்'கா 'டூ'வா என்று சண்டை வந்தால் தேடிப் பார்த்துவிடலாம்.

#13 நாஞ்சில்செவிலி

டீச்சருக்கு ஒரு யோசனை. வினையை வைத்துப் பட்டியல் போட வேண்டாம். 'டேக்' என்று தலைப்பிட்டு முப்பது சேர்க்கை எழுதி வைத்தேன், ஒன்றும் மனசில் நிற்கவில்லை. பெயர்ச்சொல்லை வைத்து எழுதினேன், நின்றது. பேசும்போது முதலில் நமக்கு வருவது பெயர்ச்சொல்தானே. 'பிளட் பிரஷர்' என்று எழுதி, பக்கத்தில் டேக், செக், ரைஸ், டிராப். அளப்பது, பார்ப்பது, ஏறுவது, இறங்குவது. ஒரு பக்கத்துக்கு ஒரு சொல், கீழே நான் காதால் கேட்ட ஒரு முழு வாக்கியம். அந்த நோட்டு இன்னும் என் பையில் இருக்கிறது.

#14 வைகைக்கரை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்று திங்கள், வகுப்பு முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன்.

பொருநை சார் சொன்னபடி தமிழில் தொடங்கினேன். கரும்பலகையில் 'போச்சு' என்று எழுதி, முன்னால் என்ன வரும் என்று கேட்டேன். வகுப்பே கத்தியது. செத்துப்போச்சு, உடைஞ்சுபோச்சு, மறந்துபோச்சு, ஊசிப்போச்சு, பஞ்சர் ஆகிப்போச்சு. பலகை நிறைந்துவிட்டது. அப்புறம் பக்கத்திலேயே 'வென்ட்' என்று எழுதினேன். பின்வரிசையில் எப்போதும் தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பெண், "அப்போ 'வென்ட் பேட்'னா கெட்டுப்போச்சு, அப்படியே தமிழ்தான் மிஸ்" என்றாள். அவள் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. மணல்திட்டு சொன்ன எச்சரிக்கையையும் மறக்கவில்லை. 'ஃபால் இல்' என்பதைத் தனியாகக் கட்டம் போட்டு, இது விதிக்குள் வராது, இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

நம்ம பையன் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தான். அகராதியைப் புரட்டி 'கம் லூஸ்' என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றான். "மிஸ், திருகாணி கழன்றது நல்லதா? இது 'கோ லூஸ்'னு தானே இருக்கணும்?" நான் திணறினேன். 'கம் அபார்ட்' (பிய்ந்து வருவது), 'கம் அன்டன்' (அவிழ்ந்து போவது) எல்லாம் அதே மாதிரி என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அதற்குள் அவனே தன் சட்டையில் நூல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த பட்டனைப் பிடித்து லேசாக இழுத்தான். கையோடு வந்துவிட்டது. அதை என்னிடம் நீட்டினான். "மிஸ், இதுக்கு நாமளும் 'வந்துருச்சு'னு தானே சொல்றோம்?"